தூக்குவது ஒயில், தாங்க வேண்டியது கட்டை

ஓர் உழவு இயந்திரம் வீட்டு வளவுக்குள் வந்து சேர்வது இலேசான காரியமல்ல. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிலர் லீசிங் கடனில் வாங்கினார்கள். சிலர் நகையை அடைவு வைத்துப் பழைய இயந்திரமொன்றை எடுத்தார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பாவிப்பதும் உண்டு. சொந்தக் காணிக்கு இன்னமும் போக முடியாதவர்களிற் பலர் டிப்பரிலும் பெக்கோவிலும் கராஜிலும் கூலிக்கு நின்று வீட்டைப் பார்க்கிறார்கள். இந்த இயந்திரங்கள் உழைத்தால்தான் அடுப்பு எரியும்.

வீதியில் ஓடும்போது நேரும் விபத்துக்களைப் பற்றி எல்லோரும் கதைக்கிறோம். நிற்கும் இயந்திரத்தைத் திருத்தும்போது நேரும் விபத்துக்களைப் பற்றிக் கதைப்பது குறைவு. ‘ஓடாத மெசின் என்ன செய்யும்?’ என்பதே பலருடைய எண்ணம். ஆனால் தூக்கி நிறுத்திய பெட்டி, உயர்த்திய வாளி, ஜக்கில் ஏற்றிய சில்லு ஆகியன எப்பொழுதும் கீழே வரவே பார்க்கின்றன. அவற்றின் அடியில் நாம் கையை வைக்கிறோம், தலையையும் வைக்கிறோம்.

இவ்வேலையை எவ்வாறு பாதுகாப்பாகச் செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. இதில் ஒரேயொரு விதியை மட்டும் மனதில் வைத்திருந்தாற்கூடப் போதும்: ஒயில் பாரத்தைத் தூக்கும், ஆனால் அதனை நம்பி அடியில் போகக்கூடாது. அடியில் போகுமுன் பாரம் இரும்பின் மீதோ மரத்தின் மீதோ இருக்க வேண்டும்.

ஒயில் எவ்வாறு தூக்குகின்றது?

ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சுகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிறியது, மற்றது பெரியது. ஊசியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நிரப்பி, இரண்டையும் ஒரு சிறு குழாயால் இணையுங்கள். சிறியதை அமுக்கினால் பெரியது உயரும். சிறியதில் கொடுக்கும் சிறு பலம் பெரியதில் பெரும் பலமாக வருவதைக் கையிலேயே உணரலாம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கிய விதி இது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால், அந்த அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்.

கணக்காகப் பார்த்தால், சிறிய பிஸ்டனின் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர், பெரியதன் பரப்பு 50 சதுர சென்ரிமீற்றர் என்று வையுங்கள். சிறியதில் 20 கிலோ பாரம் கொடுத்தால் பெரியது 1000 கிலோவைத் தூக்கும். ஆனால் பெரியது 1 சென்ரிமீற்றர் உயர, சிறியது 50 சென்ரிமீற்றர் அமுக்கப்பட வேண்டும். போத்தல் ஜக்கின் கைபிடியைப் பலமுறை அடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். உழவு இயந்திரத்திலும் டிப்பரிலும் பெக்கோவிலும் கைக்குப் பதிலாக எஞ்சினால் ஓடும் பம்பு அந்த வேலையைச் செய்கின்றது.

இந்த முறையை உழவு இயந்திரத்தில் நன்றாகப் பொருத்திக் காட்டியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி ஃபேர்குசன். இருக்கையில் இருந்தபடியே ஒரு லீவரால் கலப்பையை உயர்த்தவும் இறக்கவும் கூடிய அவருடைய இயந்திரம் 1936இல் விற்பனைக்கு வந்தது. எமது வயல்களில் இன்றும் ஓடும் மாஸி ஃபேர்குசன் 35, 135, 240 ஆகியவற்றின் பின்புறத் தூக்குக் கைகள் அந்த வழியில் வந்தவையே. பெக்கோ என்றதும் நினைவுக்கு வரும் ஜே.சி.பி. நிறுவனத்தை 1945இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஜோசப் பாம்ஃபோர்ட் முதன்முதல் செய்து விற்றதும், கொட்டும் பெட்டி ஒன்றைத்தான்.

தூக்கிய பாரம் ஏன் விழுகின்றது?

தூக்கி நிறுத்திய பெட்டியைத் தாங்கிக்கொண்டிருப்பது சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் ஒயில் மட்டுமே. அந்த ஒயிலுக்கு வெளியேற ஒரு வழி கிடைத்தால் பாரமே அதனைத் தள்ளி வெளியேற்றும். வழி நான்கு வகையிற் கிடைக்கலாம்.

முதலாவது, குழாய் வெடித்தல். றப்பர்க் குழாய் வெயிலிலும் சூட்டிலும் பழுதடையும். வெளியே சிறு வெடிப்புத்தான் தெரியும்; உள்ளே கம்பி வலை துருப்பிடித்திருக்கும்.

இரண்டாவது, சீல் தேய்தல். தூசியும் மணலும் ஒயிலில் கலந்தால் சீல் அரைபடும். நெடுங்காலம் ஓடாமல் நின்ற இயந்திரத்தில் சீல் காய்ந்து வெடித்திருக்கும். இடம்பெயர்வுக் காலத்தில் மரத்தின் கீழோ வெயிலிலோ கைவிடப்பட்டுக் கிடந்து, பின்னர் திருத்தி எடுக்கப்பட்ட இயந்திரங்களில் இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஓடுகின்றது என்பதற்காகத் தூக்கும் பகுதியும் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, லீவர் தட்டுப்படுதல். அடியில் ஒருவர் படுத்திருக்கும்போது மேலே ஏறியவரின் காலோ, விளையாட வந்த பிள்ளையின் கையோ லீவரில் பட்டால் போதும்.

நான்காவது, திருத்துபவரே வழி திறந்துவிடுதல். பெட்டி மேலே நிற்கும்போது குழாயின் நட்டைத் தளர்த்தினால் என்ன நடக்கும்? பெட்டியைத் தாங்கி நின்ற ஒயில் அந்த வழியே பாய்ந்து வெளியேறும். ஒயில் ஒழுகுகின்ற இடத்தைத் தேடி அடியில் போனவர் அந்த ஒழுக்கைத் திருத்த முயலும்போதே அகப்படுகிறார்.

மெல்ல ஒழுகினால் பாரம் மெல்ல இறங்கும். குழாய் வெடித்தாலோ கண் இமைக்கும் நேரத்தில் இறங்கும். விலகிக்கொள்ள நேரமிராது. பெட்டி சட்டகத்தின் மீது வந்து அமரும்போது இரண்டுக்கும் இடையில் சில அங்குல இடைவெளிதான் மிஞ்சும். வெறும் இரும்புப் பெட்டியே பல நூறு கிலோ வரும். ஒரு கியூப் மணல், அதாவது 100 கன அடி, ஏறக்குறைய நாலரைத் தொன் வரும்.

பெட்டியின் அடியில் போகுமுன்

முதலில், தூக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பாருங்கள். பல வேலைகளைப் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டே செய்யலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

1. பெட்டியிலுள்ள மணல், விறகு, நெல் எல்லாவற்றையும் இறக்குங்கள். பாரத்துடன் தூக்கித் திருத்த வேண்டாம்.

2. இயந்திரத்தைச் சமமான, இறுகிய நிலத்தில் நிறுத்துங்கள். மேலே மின்கம்பி போகின்றதா என்று நிமிர்ந்து பாருங்கள். கைப்பிறேக்கைப் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடை கொடுங்கள். பெட்டியை உழவு இயந்திரத்திலிருந்து கழற்றாதீர்கள்.

3. பெட்டியைத் தூக்கியதும், பக்கத்தில் நின்றபடி தாங்குதண்டை நிமிர்த்துங்கள். அதற்காகவும் உள்ளே குனியக் கூடாது. பெரும்பாலான டிப்பர்களில் தாங்குதண்டு சட்டகத்துடனேயே வரும். ஜே.சி.பி. போன்ற இயந்திரங்களில் முன்வாளியைத் தூக்கும் கைகளுக்குப் பூட்டும் இரும்புத் தாங்கி உண்டு. நெல் அறுவடை இயந்திரங்கள் பலவற்றிலும் வெட்டும் பகுதியின் சிலிண்டருக்குப் பூட்டுத் தடை உண்டு. பழைய இயந்திரத்தை வாங்குபவர்கள் இவை இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். சிலவேளை ‘இது தேவையில்லை’ என்று கழற்றி இரும்புக்கு விற்றிருப்பார்கள்.

4. தாங்குதண்டு இல்லையென்றால், ஒட்டு வேலை நன்கு தெரிந்தவரைக் கொண்டு ஒன்றைச் செய்விக்கலாம். அது தடித்த இரும்பாலானதாக இருக்க வேண்டும். ஒரு முனை சட்டகத்தில் பிணைச்சலாகவும், மறுமுனை பெட்டியின் பிரதான இரும்பு வளையில் வழுக்காமல் அமரும் கிண்ணத்திலும் இருக்க வேண்டும். தகட்டின் மீது முட்டுக் கொடுத்தால் தகடு கிழியும். பெட்டி மடங்கும் பிணைச்சலுக்கு அருகில் முட்டுக் கொடுத்தால் தண்டுக்கு வரும் பாரம் பன்மடங்காகும். ஆகவே பிணைச்சலுக்குத் தூரமாகவே கொடுக்க வேண்டும்.

5. தாங்குதண்டு நின்றதும், பெட்டியை மெல்ல இறக்கி அதன் மீது இருத்துங்கள். பாரம் முழுவதும் இப்போது இரும்பில் இருக்க வேண்டும். தண்டுக்கும் பெட்டிக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும், பெட்டியைத் தாங்குவது இன்னமும் ஒயில்தான்.

6. எஞ்சினை நிறுத்துங்கள். திறப்பை எடுத்து, வேலை செய்பவரே தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் லீவரை முன்னும் பின்னும் இருமுறை அசைத்துக் குழாயிலுள்ள அமுக்கத்தை வெளியேற்றுங்கள். அதற்குப் பின்னரே நட்டில் சாவியை வையுங்கள்.

பெக்கோவில் வேலை செய்வதாயின், பூட்டுத் தாங்கி தேவைப்படும் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வாளிகளை நிலத்தில் இறக்கி வைப்பதே வழக்கமாக இருக்கட்டும். உழவு இயந்திரத்தின் கலப்பையும் அவ்வாறே. கொழுவை மாற்றுவதற்காகக் கலப்பையைத் தூக்கிவிட்டு அடியில் குந்தியிருந்து நட்டுக் கழற்றுவது வயலில் சாதாரணமாகக் காணும் காட்சி. இரண்டு மரக்குற்றிகளை வைத்துக் கலப்பையை அவற்றின் மீது இறக்க இரண்டு நிமிடம் போதும்.

ஜக் பற்றியும் சில்லு கழற்றுதல் பற்றியும்

ஜக்கும் ஒயிலால் இயங்குவதே. ஆகவே அதற்கும் அதே விதிதான். ஜக்கால் தூக்குங்கள்; கட்டையில் இருத்துங்கள்; பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

எந்தக் கட்டை? பாலை, முதிரை போன்ற வைரமான மரத்தின் குற்றிகள் நல்லவை. பழைய சிலிப்பர் கட்டை இருந்தால் மிக நல்லது. உக்கியது, வெடித்தது வேண்டாம். உயரம் போதாதென்றால் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வைக்காமல், குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம். சுவருக்குள் பரவலாக வரும் பாரத்தை அது தாங்கும். இரும்பு அச்சு ஓரிடத்தில் அமர்ந்தால், முன்னறிவிப்பின்றிப் பொடியாகும். ஜக்கின் கீழ் தடித்த பலகை ஒன்றை வையுங்கள். மணல் நிலத்திலும், மழை பெய்து இளகிய களி நிலத்திலும் பலகையில்லாத ஜக் சரிந்து புதையும்.

உழவு இயந்திரத்தின் பின்சில்லைக் கழற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் ஓடுவதற்கு வசதியாக, அதன் முன் அச்சு நடுவிலுள்ள ஒரு பின்னில் ஊசலாடும்படி அமைக்கப்பட்டுள்ளது. பின்பக்கத்தை உயர்த்தியவுடன் முழு இயந்திரமும் ஒரு பக்கமாகச் சரியக்கூடும். எனவே உயர்த்துமுன், முன் அச்சுக்கும் அதன் மேலுள்ள சட்டகத்துக்கும் இடையில் இரு பக்கமும் மர ஆப்பு அடித்து ஊசலாட்டத்தை நிறுத்துங்கள். நட்டுகளை, சில்லு நிலத்தில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

சேற்று உழவுக்காகப் பின் ரயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால், அந்தத் தண்ணீர் மட்டுமே நூறு லீற்றருக்கு மேல் இருக்கும். அச்சில்லை ஒருவர் தனியே பிடிக்க முயலக்கூடாது.

டிப்பர் சில்லுகள் சிலவற்றில் ரயரைப் பிடித்துவைக்கும் தனி இரும்பு வளையம் உண்டு. அது சரியாக அமராமல் காற்று அடித்தால், பீரங்கிக் குண்டுபோல் பாயும். கழற்றுமுன் காற்றை முழுவதும் இறக்குங்கள். காற்று அடிக்கும்போது சில்லுக்கு எதிரே நிற்காமல், நீளக் குழாயுடன் பக்கத்தே விலகி நில்லுங்கள். இரும்புக் கூடு வைத்திருக்கும் ரயர்க் கடைக்குக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

கண்ணுக்குத் தெரியாத ஒயில் ஊசி

காரின் ரயருக்குள் இருக்கும் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல். பாரம் தூக்கும்போது உழவு இயந்திரத்தின் ஒயில் அமுக்கம் 2000 இறாத்தலுக்கும் மேலே போகும். குழாயில் ஊசித்துளையளவு ஓட்டை விழுந்தால் ஒயில் மெல்லிய தாரையாகப் பாயும். வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இதிலுள்ள ஆபத்து என்னவெனில், தொடக்கத்தில் நோ அதிகம் இராது. முள்ளுக் குத்தியது போன்ற ஒரு சிறு புள்ளிதான் தெரியும். அதனால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று இருந்துவிடுவார்கள். உள்ளே போன ஒயில் தசையை அழிக்கத் தொடங்கும். சில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்து அதனை அகற்றாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

ஆகவே ஒழுக்கைத் தேடும்போது ஒருபோதும் கையைப் பாவிக்க வேண்டாம். ஒரு மட்டைத் துண்டையோ பலகையையோ நீட்டிப் பாருங்கள். ஒயில் பட்ட அடையாளம் அதில் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். உடலில் பட்டுவிட்டால், காயம் சிறிதென்றாலும் சத்திரசிகிச்சை வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு உடனே போய், ‘அமுக்கத்துடன் பாய்ந்த ஒயில் உள்ளே போயிருக்கிறது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இரும்புத் துண்டால் ஸ்ரார்ட் செய்தல்

பழைய உழவு இயந்திரங்களில் சுவிட்ச் பழுதானால், நிலத்தில் நின்றபடி ஸ்ரார்ட்டரின் இரண்டு முனைகளிலும் இரும்புத் துண்டை வைத்து எஞ்சினை எழுப்புவார்கள். கியரில் இருந்தால் ஸ்ரார்ட் ஆகாதபடி காக்கும் சுவிட்ச் இதனால் பயனற்றுப் போகின்றது. கியரில் இருந்த இயந்திரம் எழுந்தவுடன் பாயும். ஸ்ரார்ட் செய்தவர் நிற்பதோ பெரிய சில்லுக்கு முன்னால். சுவிட்சைத் திருத்தச் செலவாகும் பணம் பெரிதல்ல. இருக்கையில் இருந்து மட்டுமே ஸ்ரார்ட் செய்யுங்கள். திருத்த வேலையின்போது பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி வையுங்கள்.

உயர்த்திய பெட்டியோ வாளியோ மின்கம்பியில் பட்டுவிட்டால், இருக்கையில் இருப்பவர் இறங்காமல் இருந்து மற்றவர்களைத் தூர நிற்கச் சொல்ல வேண்டும். மின்சாரம் நிறுத்தப்படும் வரை காத்திருங்கள். தீப்பிடித்தால் மட்டும், இயந்திரத்தையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறு அடிகளாக விலக வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

ஒருவர் அகப்பட்டால் பதற்றத்தில் லீவரை இழுக்காதீர்கள்; பாரம் இன்னும் கீழே வரக்கூடும். அவரைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் சொல்வதன்படி செய்யுங்கள். இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஜக்கால் பாரத்தை உயர்த்தும்போது, உயர்கின்ற ஒவ்வொரு அங்குலத்துக்கும் கட்டையை உள்ளே தள்ளுங்கள். உதவிக்கு வந்த இரண்டாமவரும் அகப்படக் கூடாது.

கூலிக்கு வேலை செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாக வேலை நேரத்தில் காயமடைந்தவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ தொழில் கொடுத்தவரிடமிருந்து நட்டஈடு கேட்க உரிமை உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாய்ப்பேச்சில்தான் சேர்ந்தேன் என்பதால் இந்த உரிமை இல்லாமற் போவதில்லை. வைத்தியசாலைத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சம்பளம் பெற்றதற்கான ஏதாவது ஆதாரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, காலந்தாழ்த்தாமல் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதைச் சட்டம் தடுக்கின்றது. ‘பொடியன் மெலிந்தவன், அடியில் நுழைவான்’ என்று பிள்ளைகளை அனுப்புவது சட்டப்படியும் பிழை, நியாயப்படியும் பிழை.

வீட்டார் செய்யக்கூடியது

காலபோக விதைப்புக்கு மழை இறங்கிவிட்டால் எல்லோருக்கும் அவசரம். லீசிங் தவணையும் தலைக்கு மேல் நிற்கும். இயந்திரம் நின்றுவிட்டால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். ‘ஒரு நிமிட வேலைதானே’ என்று கட்டை வைக்காமல் அடியில் போவது அத்தகைய நாட்களில்தான். ஆகவே குழாய், சீல், சுவிட்ச் ஆகியவற்றை விதைப்புக்கு முன், வேலை குறைந்த மாதங்களிலேயே பார்த்து மாற்றிவிடுங்கள்.

நான்கு நல்ல குற்றிகளும், இரண்டு ஆப்புகளும், ஒரு தடித்த பலகையும் இயந்திரத்துடனேயே இருக்கட்டும். அவற்றை விறகுக்கு எடுக்க விடாதீர்கள். திருத்த வேலை நடக்கும்போது பிள்ளைகளை வளவின் மறுபக்கத்தில் வைத்திருங்கள். தனியே ஒருவர் இந்த வேலையைச் செய்யாமல், கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் நிற்கட்டும்.

இயந்திரங்கள் பற்றி அறியாத தாயும் மனைவியும்கூட ஒன்றைக் கேட்கலாம். அவர் அடியில் போகுமுன், ‘பெட்டி இப்ப எதில நிக்குது?’ என்று கேளுங்கள். ‘ஜக்கில’, ‘லீவரில’ என்ற பதில் வந்தால், கட்டை வைக்கும் வரை அவரை அடியில் போக விடாதீர்கள்.